கழுத்தில் போட்ட குழாய்

அத்தையின் டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயலிழப்பு, அவசர டயாலிசிஸ், மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் முதலில் போட்டு, உடனே எடுத்த குழாயைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் காகிதத்தைப் படிக்கிற யாரும், சர்க்கரை இருக்கிற அம்மா, கிட்னியும் போயிருக்கிறது, வாதம் வந்ததில் என்ன ஆச்சரியம் என்று நினைத்து மூடி வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். "அவளுக்கு எழுதினது அது" என்றார் மாமா.

நான் பிசியோதெரபிஸ்ட். பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி பக்கம் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி உட்காரவைப்பதும் நடக்கவைப்பதும்தான் என் தொழில். ஐ.சி.யு.வில் அத்தையைப் பார்க்க உள்ளே விட்டபோது என் கண் முதலில் போனது அவருடைய கழுத்துக்கு. வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவாகக் கன்றி வீங்கியிருந்தது. மேலே ஒரு பெரிய கட்டு. டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். "அங்கே லைன் கிடைக்கலைங்க, அதனால தொடையில போட்டுட்டோம்" என்றார். லைன் கிடைக்காத கழுத்து அப்படிக் கன்றாது.

வீட்டுக்கு வந்த பிறகு கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டு எழுதிக்கொடுத்தோம். நோயாளியோ அவர் சார்பில் வீட்டாரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தியாகி வந்துவிடுகிறோம். எங்களுக்கு ஜெராக்ஸ் கட்டு கிடைத்தது. டாக்டர்கள் எழுதிய பக்கங்களில் ஒன்றும் இல்லை. நர்ஸ் நோட்ஸில் இருந்தது. யாரோ ஒரு சகோதரி, இரவு இரண்டு மணிக்கு, நீல மையில், குழாயைக் கழுத்திலிருந்து எடுத்ததையும் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்ததையும், டயாலிசிஸ் டெக்னீஷியன் சொன்னதன் பேரில் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதி கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று வரி இல்லாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். நள்ளிரவில் அத்தைக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. நுரையீரலில் நீர், ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிவிட்டது, இதயத் துடிப்பு இறங்கி பிரஷரும் இறங்கிவிட்டது. டயாலிசிஸ் செய்தே ஆகவேண்டும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் முன்பே இணைத்து வைக்கும் ஃபிஸ்டுலா கையில் இல்லை. அந்த நிலையில் கழுத்திலோ தொடையிலோ ஒரு பெரிய சிரைக்குள் குழாய் இறக்குவதைத் தவிர வழி கிடையாது. இதுவரை யார் மீதும் எனக்குக் குறை இல்லை. அன்று டயாலிசிஸ் செய்யாமல் விட்டிருந்தால் அத்தை விடியும்வரை இருந்திருக்க மாட்டார்.

கழுத்தின் வலப்பக்கம் உள்ளே கழுத்துச்சிரை ஓடுகிறது. தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்கு இறக்கும் குழாய் அது. நேராக இதயத்தின் வலது மேலறைக்குப் போவதால் டாக்டர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் அதற்குச் சற்று உட்புறம், ஒட்டினாற்போல், மூளைக்கு ரத்தம் ஏற்றும் கரோடிட் தமனி ஓடுகிறது. நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் புதைந்திருப்பதுபோல. சிலருக்குச் சிரை தமனிக்கு நேர் மேலேயே படுத்திருக்கும். கழுத்தைத் திருப்பினால் இரண்டின் இருப்பும் மாறும். கழுத்துத் தசையின் இரண்டு கிளைகளுக்கு நடுவே தெரியும் முக்கோணத்தைக் கணக்கு வைத்துக் கண்மதிப்பில் குத்துவது பழைய முறை. நன்றாகப் பழகிய கைக்கும் ஊசி தமனிக்குள் போய்விடுவது உண்டு.

ஊசி போனால் பெரிய ஆபத்து இல்லை. எடுத்துவிட்டு நன்றாக அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். ஆபத்து அடுத்த கட்டத்தில் வருகிறது. ஸ்வீடன் நாட்டு ரேடியாலஜிஸ்ட் செல்டிங்கர் 1953இல் எழுதிவைத்த முறையைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். முதலில் ஊசி. ஊசி வழியே மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே, துளையைப் பெரிதாக்கும் டைலேட்டர். கடைசியில் அதே கம்பியின் மேல் குழாய். டயாலிசிஸ் குழாய் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தடிமன். பெண்களின் கரோடிட் தமனியே 6 மில்லிமீட்டர்போலத்தான் இருக்கும். அந்தத் தமனியில் டைலேட்டர் இறங்கிவிட்டால், அது வெறும் ஊசித்துளை இல்லை, சுவரில் உடைத்த ஓட்டை.

அதனால்தான் சொல்கிறேன்: ஊசி தமனியில் போவதை விபத்து என்று நான் ஒப்புக்கொள்கிறேன். குழாய் போவதை அப்படி ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஊசிக்கும் டைலேட்டருக்கும் நடுவில் "இது சிரைதானா" என்று பார்ப்பதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் தாண்டினால்தான் குழாய் தமனிக்குள் போகும்.

"ரத்தம் கறுப்பாகத்தான் வந்தது" என்பார்கள். எனக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. தமனி ரத்தம் பளிச்சென்று சிவப்பாகத் துடித்துக்கொண்டு வரும், சிரை ரத்தம் கறுத்து வழியும் என்பது பாடம். ஆனால் மூச்சுத் திணறி ஆக்சிஜன் இறங்கிப்போனவருக்குத் தமனி ரத்தமும் கறுத்துத்தான் இருக்கும். பிரஷர் விழுந்தவருக்குத் துடிப்பும் தெரியாது. அவசரமாகக் குழாய் தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நிலையிலும் இருப்பவர்கள்தானே. நிறத்தையும் துடிப்பையும் நம்பி முடிவு செய்யாதீர்கள் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் தன் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

சரி, வேறு எதை நம்புவது? மிக மலிவான வழி ஒன்று உண்டு. எனக்கு அதைக் காட்டியவர் மயக்க மருந்து டாக்டராக இருக்கும் ஒரு நண்பர். ஊசியின் வாயில் இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு சாதாரண பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதில் ரத்தம் நிரம்பியதும் நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். சிரையாக இருந்தால் ரத்தம் டியூபில் கீழே இறங்கி, மூச்சுக்கு ஏற்ப லேசாக ஏறி இறங்கும். தமனியாக இருந்தால் மேலே ஏறிக்கொண்டே போய் வாயில் வழியும். வார்டு டிராலியிலேயே கிடக்கும் டியூப் அது. அதற்கு கரன்ட் வேண்டாம், ஸ்கேன் ரூம் சாவியும் வேண்டாம்.

அதைவிட நல்லது அல்ட்ராசவுண்ட். பார்த்துக்கொண்டே குத்துவது. ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்து லேசாக அழுத்தினால் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்களில் ஒன்று தட்டையாகும், அது சிரை. மற்றது உருண்டையாகவே நின்று துடிக்கும், அது தமனி. ஊசி எதற்குள் இறங்குகிறது, கம்பி எதற்குள் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் டைலேட்டரைக் கையில் எடுக்கலாம். கழுத்துச்சிரைக்கு இப்படிச் செய்வதே நல்லது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களைத் தரும் நைஸ் அமைப்பு 2002லேயே சொல்லிவிட்டது.

அத்தையைச் சேர்த்த இடத்தில் ஸ்கேன் மிஷின் இல்லாமல் இல்லை. அது கீழ்த்தளத்தில் பூட்டிய அறைக்குள் இருந்தது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் மிஷினையும் பதிவு செய்யவேண்டும், நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தச் சட்டம் எத்தனை பெண் குழந்தைகளுக்காக வந்தது என்று எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐ.சி.யு.வுக்கும் டயாலிசிஸ் அறைக்கும் என்று ஒரு மிஷினை முறைப்படி பதிவு செய்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ராத்திரி டயாலிசிஸ் உண்டு என்று வாசலில் போர்டு வைக்கிறவர்கள் அதைச் செய்துவிட்டுத்தான் வைக்கவேண்டும்.

அன்று இரவு தவறைக் கண்டுபிடித்தவர் டெக்னீஷியன். பொட்டாசியத்துக்குக் கால்சியம் ஊசி போட்டு அத்தையின் பிரஷர் மெல்ல ஏறியிருக்கிறது. மிஷினில் மாட்டுவதற்கு முன் குழாயில் சிரிஞ்சை வைத்தபோது ரத்தம் பிஸ்டனைத் தானாக வெளியே தள்ளியிருக்கிறது. அவர் உடனே கையை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். மாட்டி ஓட்டியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அந்தத் தம்பிக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. குழாயை உருவி, அழுத்திப் பிடித்தார்கள். ஊசிக்குச் சரியாக இருக்கும் வைத்தியம் குழாய்க்குச் சரிவராது. கரோடிட்டை ரத்தம் நிற்கும் அளவுக்கு அழுத்தினால் அந்தப் பக்க மூளைக்குப் போகும் ரத்தமும் நிற்கிறது. லேசாக அழுத்தினால் உள்ளே கசிந்து வீங்கி மூச்சுக்குழலை நெருக்குகிறது. குழாயைச் சுற்றி அந்த நேரத்துக்குள் சிறு கட்டிகளாக ரத்தம் உறைந்திருந்தால், உருவும்போது அவை பெயர்ந்து நேராக மேலே, மூளைக்குத்தான் போகும். அதனால் தமனிக்குள் பெரிய குழாய் போய்விட்டது என்று தெரிந்தால் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, உடனே ரத்தநாள அறுவை நிபுணரைக் கூப்பிடவேண்டும். அவர் கழுத்தைத் திறந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே குழாயை எடுத்து ஓட்டையைத் தைப்பார், அல்லது உள்வழியாகவே அடைப்பார். நாள்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது, உறைகட்டி சேர்ந்துகொண்டே போகும். கனடாவில் மான்ட்ரியல் மருத்துவர்கள் 2008இல் இப்படிப்பட்ட சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். இழுத்து அழுத்தப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்திருந்தன. அறுவையில் எடுத்தவர்களுக்கு வரவில்லை.

தவறாகப் போன குழாயைப் பார்த்ததும் உடனே உருவவேண்டும் என்று கை பரபரக்கும். அது மனித இயல்பு. அந்தப் பரபரப்பை அடக்க ஒரே வழி, முன்கூட்டியே எழுதி வைத்த விதிமுறை. டயாலிசிஸ் அறைச் சுவரில் தமிழிலோ இங்கிலீஷிலோ நாலு வரி: எடுக்காதே, மருந்து ஏற்றாதே, இந்த எண்ணுக்கு போன் செய்.

தொடையில் வேறு குழாய் போட்டு மூன்று மணிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். மூன்றிலிருந்து ஆறரை வரை கேஸ் ஷீட்டில் பிரஷரும் நாடித்துடிப்பும் மட்டும் இருக்கின்றன. கையைத் தூக்கச் சொன்னோமா, சிரிக்கச் சொன்னோமா என்று ஒன்றும் இல்லை. அத்தை அசந்து தூங்குவதாக நினைத்துவிட்டார்கள். ஆறரைக்கு இடது கை தொங்கியது. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் புதிதாகத் துளை விழுந்த தமனியை வைத்துக்கொண்டு, அதுவும் டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் போன உடம்பில், அந்த ஊசியைப் போட யாரும் தயங்குவார்கள். மருத்துவமனையால் வந்த பக்கவாதத்தின் கொடுமை இதுதான். வந்த காரணமே வைத்தியத்துக்கும் குறுக்கே நிற்கிறது. குழாய் விட்டு உறைகட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையைத் தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறார்கள், சென்னையில் செய்யும் இடங்களும் உண்டு. அதைப் பற்றி அன்று யாரும் எங்களிடம் பேசவே இல்லை.

வலது கரோடிட் வலது மூளைக்குப் போகிறது, அதனால் விழுந்தது இடது பக்கம். பேச்சு தப்பித்தது. "பேசறாளே, அதுவரைக்கும் நல்லது" என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் வலது மூளை அடிபட்டால் இடது பக்க உலகமே மனதிலிருந்து விலகிப்போவது உண்டு. கண் தெரியும், ஆனால் கவனம் அங்கே போகாது. ஒருநாள் காலை தட்டில் இரண்டு இட்லி வைத்தேன். வலப்பக்கம் இருந்த ஒன்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "என்னடா கண்ணு, ஒரு இட்லிதான் வெச்சியா?" என்றார் அத்தை. நான் பதில் சொல்லாமல் தட்டை அரைவட்டம் திருப்பினேன். "இப்பதான் வைக்கிறியா, சூடா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அதையும் சாப்பிட்டார். இன்னொரு நாள் தன் இடது கையைக் காட்டி, இது பக்கத்துப் படுக்கைக்காரம்மாவுடையது, எடுத்துப் போகச் சொல் என்றார். வீட்டில் பக்கத்துப் படுக்கையே இல்லை. இந்த மாதிரி நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொந்த அத்தையின் வாயிலிருந்து அதைக் கேட்பது வேறு.

இடப்பக்கமிருந்தே பேசுவது, டிவியை மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்த்துவது, கையில் சிவப்பு வளையலைப் போட்டுத் தேடச் சொல்வது என்று வேலை நடக்கிறது. இப்போது வாக்கரோடு கூடத்தைக் கடக்கிறார். வாசல் நிலையில் இடது தோள் மட்டும் இன்னும் இடிக்கிறது.

இந்தக் குழாய்களால் மூளைக்கு வரும் கேடு போடும்போது மட்டும் இல்லை, எடுக்கும்போதும் உண்டு. இதை வீட்டார் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். சரியாகச் சிரையில் இருந்த குழாயைக்கூட, நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது உருவினால், அவர் மூச்சை இழுக்கும் நொடியில் அந்தத் துளை வழியே காற்று உள்ளே போய்விடலாம். நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, கருவில் இருந்தபோது திறந்திருந்த சின்ன வழி முழுதாக மூடாமல் இருக்கும். காற்றுக்குமிழ் அதன் வழியே இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போய்விட்டால் அதுவும் பக்கவாதம்தான். அதனால் படுக்கவைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சை அடக்கச் சொல்லியோ வெளியே விடச் சொல்லியோதான் எடுக்கவேண்டும். எடுத்ததும் காற்றுப் புகாத கட்டு. கொஞ்ச நேரம் படுத்தே இருக்கவேண்டும். "வீட்டுக்குக் கிளம்புங்க" என்ற அவசரத்தில் நாற்காலியில் உட்காரவைத்து உருவுவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் இனிமேல் நான் சும்மா இருக்கப்போவதில்லை.

ஒரு மாதம் கழித்து அத்தைக்கு நீண்ட நாள் வைத்திருக்கும் குழாயான பெர்ம்கேத் போட வேறு இடத்துக்குப் போனோம். அங்கிருந்த நெஃப்ராலஜிஸ்ட் அம்மா, அதாவது சிறுநீரக டாக்டர், என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். "இது அமுங்குது பாருங்க, இதுக்குள்ளதான் போறேன்." கம்பி போன பிறகு மறுபடி ஸ்கேனை வைத்துப் பார்த்தார். அப்புறம் எக்ஸ்ரேயிலும் பார்த்தார். அந்தப் பார்வைகளுக்கு அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழுத்தில் லைன் போடணும், கையெழுத்துப் போடுங்க என்று கேட்கிற நேரத்தில் யாருக்கும் எதுவும் ஓடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் "ஸ்கேன் பார்த்துப் போடுவீங்களா டாக்டர்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் கோபப்படுவதும் இல்லை. போட்ட பிறகு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று கேட்கலாம். கழுத்து வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் சோர்ந்தாலோ, "டயர்டா இருக்காங்க" என்று யாராவது சொன்னாலும் இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் கெடக்கெட ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் அத்தைக்கு இரண்டு வருடமாக ஏறிக்கொண்டே இருந்தது. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று தெரிந்ததுமே கை மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்து வைத்துவிடலாம். 1966இலிருந்து உலகம் முழுக்கச் செய்கிற சின்ன ஆபரேஷன். அது பழுத்து ஊசி தாங்க ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகும், அதனால் மூச்சு வாங்குகிற ராத்திரியில் அதைச் செய்ய முடியாது. சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் நெஃப்ராலஜி ஓ.பி. இருக்கிறது. வீட்டில் கிட்னிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் அடுத்த முறை போகும்போது ஃபிஸ்டுலா எப்போது என்று கேளுங்கள். அதுவரை எழுதாத கையில் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள், அந்தச் சிரைகள் பிறகு வேண்டும்.

அந்த மருத்துவமனைக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் பணம் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி, நர்ஸ் நோட்ஸில் இருப்பதை அதிலும் சேர்த்துத் தரும்படி கேட்டோம். அத்தையை அடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு டாக்டருக்கும் அது தெரியவேண்டும், வலது கழுத்தில் மறுபடி கை வைப்பதற்கு முன்னாவது. இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதத்தை மாமாவே தன் கைப்பட எழுதி, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்.